நேராக உட்கார்ந்த கப்பல்

நவநீதன் செய்த வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. திருச்சி கே.கே. நகர் வீட்டில் குழாய் ஒழுகினால், வாஷரை மாற்றிவிட்டுப் பத்து நிமிடம் நின்று பார்த்த பிறகுதான் நகர்வான். சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். ஒன்பது வருடமாகக் கப்பலுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டவன், போன மாதம் தன் கையாலேயே ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டு ஊர் வந்திருந்தான். அதை மட்டும் மனைவி ரஞ்சனியிடம் சொல்லவில்லை.

இவன் கப்பல் நின்றது சண்டை மூண்ட ஒரு நாட்டுத் துறைமுகத்தில். எதிரியின் போர்க்கப்பல்கள் நுழையாதபடி துறைமுகத்து வாயை அடைக்க, அந்த நாட்டுக் கடற்படை இவனுடைய பழைய கப்பலை எடுத்துக்கொண்டது. மற்ற வெளிநாட்டுக் கப்பல்கள் எல்லாம் வெளியேறிய பிறகுதான் உங்கள் வேலை என்றார்கள். அவற்றில் ஒன்றில் ரஞ்சனியின் தம்பி ஜெயக்குமார் இருந்தான். அவனைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்டதே நவநீதன்தான். "அந்தக் கப்பல் போயிருச்சா?" என்று கேட்டதற்கு அதிகாரி தலையாட்டினார். இவனும் நம்பினான்.

கப்பலைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு முனையிலும் நங்கூரம் போட்டு, அடியில் கடல்நீர் எடுக்கும் வால்வுகளைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் திறந்தால் கப்பல் கோணலாகச் சரிந்து ஓரத்தில் வழி விட்டுவிடும். இவன்தான் வேலையில் சுத்தக்காரன் ஆயிற்றே. இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத் திறந்தான். அடுப்பில் பானை உட்காருவதுபோல் கப்பல் நேராகத் தரையில் உட்கார்ந்தது. அதிகாரி கை குலுக்கினார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

படகில் கரைக்குத் திரும்பும்போதுதான் பார்த்தான். துறைமுகத்துக்குள்ளே ஜெயக்குமாரின் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கப்பல் இழந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்பினார்கள். கப்பல் இருப்பவர்கள் அதை விட்டு இறங்கக் கூடாதாம்.

இங்கே ஒரு வயது மகள் தேவதர்ஷினிக்குக் காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் ஜெயக்குமார் மடியில் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ரஞ்சனியின் பெரியம்மா ஆனந்தவள்ளிக்குப் பத்திரிகை வைக்க, குழந்தையோடு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை.

"காலையிலதான் தம்பிக்கு லைன் கிடைச்சுப் பேசினான். எவனோ வழியில கப்பலை முக்கி வச்சிருக்கானாமே. அதைத் தூக்க எத்தனை நாளாகும்ங்க?"

"ஆறு மாசத்துக்குக் குறையாது."

"பாத்தவங்க மாதிரி சொல்றீங்க."

"முக்குனது நான்தான்."

முன்னால் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்ததே என்று ஒரு நிம்மதி. அப்படி நினைத்ததற்கு வெட்கமும் வந்தது.

பாலம் முடியும்போதுதான் ரஞ்சனி கேட்டாள். "கொஞ்சம் கோணலா விட்டிருக்கக் கூடாதா?"

"அப்பத் தோணல."

"உங்களுக்குத் தோணாது."

பெரியம்மா காபி கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்குக் கையை நீட்டினார். ரஞ்சனி பையைத் திறக்கவே இல்லை.

"பத்திரிகை வைக்க வரல பெரியம்மா. தள்ளிப் போட்டாச்சுன்னு சொல்லத்தான் வந்தோம். தம்பியால வர முடியல."

"குறிச்ச நாளை ஏன்டி தள்ளணும்? எம் புள்ள அரவிந்தன் இருக்கான். அவனும் மாமன்தானே, அவன் மடியில உக்கார வச்சுக் குத்திரலாம்."

நவநீதன் நிமிர்ந்தான். நல்ல யோசனைதான், சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது.

"அரவிந்தன் அண்ணன் தப்பா நெனச்சுக்க வேணாம். என் தம்பி மடியிலதான் குத்தணும். அவன் வர்ற வரைக்கும் இவ காது மூளியாவே இருக்கட்டும்." குழந்தையைத் தூக்கி நவநீதன் மடியில் வைத்தாள். "நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

தேவதர்ஷினி அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். நவநீதன் அவளை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். எப்படி வைத்தாலும் ஒரு காது தெரிந்தது.