கணவர் கட்டாயமில்லை

தில்லைநாயகி காரின் இன்சூரன்ஸைப் புதுப்பித்த மறுநாள் காலை, மூன்றாம் நபர் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டப்படி ஒவ்வொரு காருக்கும் ஒருவர் கட்டாயம். பெயர் தெய்வசிகாமணி. பாலிசியை அவரே வாசித்துக் காட்டினார். முதல் நபர் தில்லைநாயகி, இரண்டாம் நபர் கம்பெனி, மூன்றாம் நபர் அவர். அடிபட்டால் அவருக்கு மட்டும் இழப்பீடு உண்டு.

“அப்ப நான்?” என்றார் தில்லைநாயகியின் கணவர் பூவராகன்.

தெய்வசிகாமணி தாளைத் திருப்பியும் பார்த்தார். “உங்களப் பத்தி ஒண்ணும் போடல சார்.”

தில்லைநாயகிக்கு ஓசூரில் நூலக வேலை. அச்சில் வந்ததை எல்லாம் நம்பிவிடுவாள். பின் இருக்கையைத் துடைத்து தெய்வசிகாமணிக்குக் கொடுத்தாள்.

பூவராகனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆறு மாதம் காத்திருந்த பிறகு பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. அன்று காலை மூவரும் கிளம்பினார்கள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் அதிகாரி குனிந்து காருக்குள் எண்ணினார்.

“இங்க ஒரு காருக்கு மூணு மூன்றாம் நபர் வேணும் மேடம். எங்க மாநிலத்துல மனுஷ உயிருக்கு மதிப்பு ஜாஸ்தி.”

தேவைப்படுவோருக்காக இரண்டு பேர் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். காரோ சின்னது, நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது.

“முன் சீட்ல யாரு?”

“என் வீட்டுக்காரர். இவருக்குத்தான் ஆபரேஷனே.”

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். “கணவர் கட்டாயமில்லையே மேடம். கூடுதல் பிரீமியம் கட்டித் தனியா சேர்த்திருக்கணும்.”

“இப்பவே கட்டிடறேன்.”

“வண்டிக்கு எத்தனை வயசு?”

“ஏழு.”

“அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டியில கணவரைச் சேர்க்க முடியாது.” அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அதற்குத் துறையில் மூன்று நாள் பயிற்சி உண்டு.

பூவராகன் கதவைத் தடவித் திறந்து இறங்கினார். “நீ போ நாயகி. தேதி போயிடும்.”

தேதி வீணாகக் கூடாதென்று தெய்வசிகாமணியின் கண்களில் ஆபரேஷனைச் செய்து முடித்தார் டாக்டர். பாலிசியில் இருக்கிற ஆள் என்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் தெய்வசிகாமணி பாலிசியின் அடிக்குறிப்புகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். “பொடி எழுத்துகூடத் தெளிவா தெரியுதும்மா!”

சாவடியில் பூவராகன் இல்லை. ஒரு வெள்ளைக் காருக்கு ஆள் குறைந்ததால் அவரை மூன்றாம் நபராக ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

“கவலப்படாதீங்க மேடம், அந்த வண்டியில அவருக்கு இழப்பீடு உண்டு,” என்றார் அதிகாரி.

தில்லைநாயகி ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். இன்ஜின் ஆயில், கூலன்ட், கண்ணீர் ஆகியவை உபயோகத்தில் தீர்ந்துபோகும் பொருள்கள் என்பதால் அவற்றுக்கு எதுவும் கிடைக்காது என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் சாவடிக்குப் போய் வெள்ளைக் கார்களுக்குள் எட்டிப் பார்த்தாள். இழப்பீட்டுப் படிவத்தைப் பலமுறை எடுத்தாள். ‘சேதமடைந்த பாகம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் மடித்து வைத்தாள்.

வருட முடிவில் கம்பெனியிலிருந்து வாழ்த்துக் கடிதமும் ஒரு பார்சலும் வந்தன. ஆண்டு முழுவதும் எதுவும் கோராததால் அவளுக்கு இருபது சதவீதம் போனஸ். பிரித்தபோது உள்ளே பூவராகனின் இடது கை இருந்தது. அது அவள் கன்னத்தையும் மூக்குத்தியையும் தடவிப் பார்த்து, அவள்தான் என்று உறுதி செய்துகொண்டது.

மறுநாள் காலை நூலகத்துக்குக் கிளம்பியபோது கியரை அதுவே போட்டது.