நின்றுகொண்டு படிக்காதீர்கள்

மார்ச் பதினான்காம் நாள். காலை முதல் தூறல். மருமகனோடு பெருநகருக்கு வந்திருந்த தையற்காரி, சந்தொன்றில் சிறு புத்தகக் கடையைக் கண்டு நுழைந்தாள். ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவள் அவள். ஒரு நூலையெடுத்து, முதல் பக்கத்தைத் தானே முடித்துவிடும் பிடிவாதத்தோடு எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.

"அத்தை, மூணரை மணி பஸ்ஸு போயிடும்! இந்த வயசுல படிச்சு ஆபீசராவா ஆகப்போறீங்க? அங்க பாருங்க, படிக்கக் கூடாதுன்னே எழுதி வச்சிருக்காங்க," என்றான் மருமகன்.

சுவரிலிருந்த பலகையை அவள் வாய்விட்டுப் படித்தாள்: 'நின்றுகொண்டு படிக்காதீர்கள்.'

"நின்னுக்கிட்டுத்தான் கூடாது, மாப்ள," என்று கடைக்காரியின் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். "நீங்க போய் பஸ்ஸப் புடிங்க."

கடைக்காரி வயிறு குலுங்கச் சிரித்து, விளக்கைப் போட்டாள்.

பேருந்து போயிற்று. முதல் பக்கம் முடிந்தபோது மணி நான்கு இருபது.