மணிக்குத் தொண்ணூறு மைல், தினமும் வெள்ளவத்தையிலிருந்து

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன புதன்கிழமை எங்கள் கப்பல் கம்பெனித் துரை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் உண்மையான பதில் சொன்னேன். அவர் அதைத் தவறாக விளங்கிக்கொண்டார். நான் அதைத் திருத்தவில்லை.

இப்படிப்பட்டவற்றை வழக்கமாக நாட்குறிப்பில் எழுதித் தீர்ப்பேன். புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், "மழை. துரை பேசினார்" என்று மட்டும் இருக்கிறது. மிச்சம் எங்காவது போக வேண்டும். நல்ல வேளையாக, கொட்டாஞ்சேனை மாலை வகுப்பில் "நம்பத்தக்க வாகனம்" என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வகுப்புக் கொப்பியில் இரண்டு வேலையும் முடியட்டும்.

2

முதல் தொடக்கம்: "காலி வீதியில் காலை வெயில் பாய, சிறுத்தையொன்று உறுமிக்கொண்டு..."

நிறுத்திவிட்டேன். நான் சிறுத்தையைப் பார்த்ததில்லை. அந்தக் கார் உறுமியதையும் மூன்று மாதத்தில் ஒன்பது தடவைதான் கேட்டிருக்கிறேன். (குறித்து வைத்திருக்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "சிவானந்தனிடம் ஒரு பந்தயக் கார் இருந்தது. கார் அவனிடம் இருந்ததா, அவன் காரிடம் இருந்தானா என்பது..."

இது கெட்டித்தனமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, சாதாரணமானது: எங்கள் கம்பெனிக் கந்தோரில் சிவானந்தன் என்று ஒரு கிளாக்கர் இருக்கிறான். வெள்ளவத்தையில் வீடு. 1938 மே மாதம், சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் அவன் பந்தயக் கார் ஒன்றை வாங்கினான். இரண்டு ஆசனம். கூரை கிடையாது. மணிக்குத் தொண்ணூறு மைல் போகும். வீட்டிலிருந்து கோட்டையிலுள்ள கந்தோருக்கு ஐந்து மைல்.

கணக்குப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. முதலாம் கியரிலேயே அந்தக் கார் மணிக்கு முப்பது மைல் போகுமாம். பம்பலப்பிட்டியில் அதற்கு முன்னால் போகும் மாட்டு வண்டி மூன்று மைல் போகும். இடையில் இருக்கும் இருபத்தேழு மைலில்தான் சிவானந்தனின் காலைகள் கழிந்தன. கார் சூடேறும், இருமும், நிற்கும். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது.

இருந்தும் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டெய்லி இதிலதான் மச்சான் வாறன். ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை. ஓட்டத் தெரிஞ்சவன்ர கையில அது தண்ணி மாதிரி."

பக்கத்தில் இருந்த கிளறன்ஸ் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஓம், தண்ணி மாதிரித்தான். பள்ளத்தில தானா ஓடும். மேட்டில ஆக்கள் தள்ளோணும்."

3

கிளறன்ஸைப் பற்றி இங்கே சொல்வதா, பிறகு சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கேயே சொல்கிறேன். மட்டக்குளியிலிருந்து சைக்கிளில் வருபவன். கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர். இந்த மாதம் முப்பதாம் திகதியோடு அவன் தவணை முடிகிறது. மாலை வகுப்பில் என் பக்கத்தில், அதே வாங்கில் இருக்கிறான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கந்தோர் வரவுப் புத்தகம் என் பொறுப்பு. காலை எட்டரைக்கு அதில் சிவப்புக் கோடு போடுவேன். பிந்தி வருபவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். கோடு போடும்போது என் கை நடுங்கியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நடுங்கும்.

மூன்று மாதத்தில் சிவானந்தன் ஒருநாளும் கோட்டுக்குக் கீழே போகவில்லை. கிளறன்ஸ் மூன்று தடவை போனான். மூன்றும் டயர்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அப்படிப்பட்ட காரில் ஒருவன் எப்படிப் பிந்தாமல் வருவான்? வாசகர் நம்பமாட்டார். நானும் நம்பாமல்தான் இருந்தேன்.

ஒருநாள் சிவானந்தன் வழக்கம்போலத் தோல் கையுறையும், தலைமயிரில் ஏற்றிவைத்த, பந்தயக்காரர் போடும் காற்றுக் கண்ணாடியுமாக வந்தான். வெள்ளைக் கொலரில் கரித்தூள்.

"பெற்றோல் புகை," என்றான்.

பெற்றோல் புகையை எனக்குத் தெரியும். அது தூள் தூளாக உதிராது. கையெழுத்து வைக்க அவன் கையுறையைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து ஓர் அட்டை என் மேசையில் விழுந்தது. ரயில் சீசன் டிக்கட். வெள்ளவத்தை – கோட்டை. மூன்றாம் வகுப்பு.

ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை அயலவர்கள் காரைத் தள்ளுவார்களாம். அது மனம் இரங்கினால் கார், இல்லாவிட்டால் ஏழு ஐம்பது ரயில். கையுறையைக் கழற்ற நேரம் இருப்பதில்லையாம். இதையெல்லாம் அவனே சொன்னான், மெல்லிய குரலில்.

"ஆருக்கும் சொல்லாதை தம்பி. கார் நல்ல கார். காலமையில மட்டும் கொஞ்சம் யோசிக்கும்."

(இந்த ஒரு வசனத்துக்காக அவனை முழுதாகக் கேலி செய்ய என்னால் முடியவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.)

5

துறைமுக ஜெற்றியில் ஒரு நிரந்தர வேலை காலியானது. விடியற்காலை ஐந்தரைக்குக் கப்பல் வரும்போது அங்கே நிற்க வேண்டும். ஆகவே நம்பத்தக்க சொந்த வாகனம் உள்ளவர் மட்டும் கேட்கலாம் என்று அறிவித்தல் சொன்னது. இரண்டு பேர் கேட்டார்கள். கிளறன்ஸுக்கு அது கிடைக்காவிட்டால் முப்பதாம் திகதிக்குப் பிறகு வேலையே இல்லை. சிவானந்தன் ஏற்கெனவே நிரந்தரம். அவனுக்கு வேண்டியிருந்தது, ஜெற்றிக் கொட்டகை நிழலில் கார் விட ஓர் இடம்.

புதன்கிழமை துரை என்னை வரவுப் புத்தகத்தோடு கூப்பிட்டார்.*

"சிவானந்தன் ஒருநாளும் பிந்தவில்லையே. தினமும் எப்படி வருகிறார்?"

"சீசனில் வருகிறார், சேர்."

எங்கள் மேசைகளில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்: மாத டிக்கட் எடுத்து ரயிலில் வருகிறார். ஆனால் துரைமாருக்குச் சீசன் என்றால் சித்திரை மாதம், நுவரெலியா, குதிரைப் பந்தயம், மலையேறும் கார்ப் பந்தயம். துரையின் முகம் மலர்ந்தது.

"ஆ, சீசன் கார்! மலையில் அது ஏறியதை நான் பார்த்தேன். அதில் தினமும் வருகிறாரென்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்?"

திருத்துவதற்கு எனக்கு மூன்று சொல் போதும்: "ரயில் சீசன், சேர்." வாயைத் திறந்தேன். துரை புத்தகத்தை மூடினார். நான் அதை எடுத்துக்கொண்டு...

(இந்த வாக்கியத்தை நான்கு தடவை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாக வெளியே வந்தேன். அதனால் முடிக்காமல் விடுகிறேன்.)

* உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் எழுதும்போது என் ஆங்கிலப் பிழைகள் மறைந்துவிடுகின்றன. பயம் மறைகிறதா என்று தெரியவில்லை.

6

வெள்ளிக்கிழமை அறிவித்தல் பலகையில் சிவானந்தனின் பெயர் ஒட்டப்பட்டது. இன்று ஞாயிறு. நாளை விடியற்காலை ஐந்தரைக்குப் பம்பாய்க் கப்பல். ரயில் அட்டவணையைப் பார்த்துவிட்டேன்: வெள்ளவத்தையிலிருந்து முதல் ரயில் ஐந்து ஐம்பதுக்கு.

ஆகவே முடிவுகள்:

(அ) கார் கிளம்புகிறது. வீதியில் மாடில்லை, வண்டியில்லை. நாலாம் கியர் முதல்முறையாகக் கொள்ளுப்பிட்டியைக் காண்கிறது. நான் மௌனமாக இருந்தது சரியென்று ஆகிவிடுகிறது, பிறர் அதிர்ஷ்டத்தில் எல்லாரும் நல்லவர்களாவதைப் போல.

(ஆ) கார் யோசிக்கிறது. துரை ஜெற்றியில் கடிகாரத்தைப் பார்க்கிறார். கிளறன்ஸைக் கூப்பிடுகிறார். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் பங்கு எதுவுமில்லாமல் நீதி கிடைக்கிறது. அதனால்தான் சந்தேகப்படுகிறேன்.

(இ) நான் இப்போதே எழும்பி, சட்டையை மாட்டிக்கொண்டு, துரையின் பங்களாவுக்கு...

மாலை நான்கு மணி. சட்டை கொடியில் காய்கிறது. ஈரம் இல்லை, தொட்டுப் பார்த்தேன்.

7

வெள்ளிக்கிழமை வகுப்பில் கிளறன்ஸ் கேட்டான்: "துரை உன்னைக் கூப்பிட்டுக் கேட்டவராம். நீ என்ன சொன்னனீ?"

வரவுப் புத்தகத்தில் இருந்ததைக் காட்டினேன் என்றேன்.

"அப்ப சரி," என்றான். "நீ இல்லாததை எழுத மாட்டாய்."

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதி எழும்பிவிடலாம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. மாஸ்டர் பார்ப்பதற்கு முன் கொப்பியைப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துத் திருத்த வேண்டும். இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, கிராண்ட்பாஸ் ட்ராமைப் பற்றி நான்கு பக்கம் எழுத இன்னும் நேரம் இருக்கிறது. ட்ராமை நம்பலாம். யாருக்கும் நட்டமில்லை.

கிழிக்கவில்லை.

கிளறன்ஸ், நீ இதை வாசிக்கும்போது திங்கள் மாலை ஆறு மணி. கார் வந்ததா இல்லையா என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். மேலே உள்ள மூன்று முடிவையும் அடித்துவிடு. மூன்றையும் நான் எனக்காக எழுதினேன். ஐந்தாம் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசி. இதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். மாஸ்டருக்குக் கொடுப்பதற்கு முன், அல்லது துரையிடம் அத்தாட்சியாகக் கொண்டுபோவதற்கு முன், அதில் நீ எழுத வேண்டியதை எழுது. என் எழுத்துப்பிழைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.