இறக்கை மேலே இருக்கிற விமானம்

அப்பாவின் ஒரு கன்னத்தை வழித்து முடித்து அவள் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"அந்த ஏரோப்ளேன் எங்க? அப்பா பக்கத்துல வைக்கலாம். அதுன்னா அவருக்கு உயிரு."

விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்ட அப்பாவை அவருடைய சலூனிலேயே, ஜன்னலோர பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் முகம் வழித்தவரை முள்ளுத் தாடியோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் இதே கடையில் அவரோடு கத்தி பிடித்து நின்றவள் அவள். அண்ணன் வெளியூரிலிருந்து காரில் இப்போதுதான் வந்து இறங்கியிருந்தான்.

துக்கம் கேட்க வந்த பக்கத்துக் கடை தையல்காரரிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். போர் விமானம் மாதிரி, இருக்கறதுலயே நல்ல மாடல்."

வாங்கிக் கொடுத்தானாம்.

வயதான காலத்தில் அப்பாவுக்கு ரிமோட்டில் விமானம் ஓட்டும் ஆசை வந்தது. ஆசை வந்ததும் ஓடிப்போய் வாங்குகிற ஆளா அவர்? ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, எது வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தார். இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் கை தடுமாறினாலும் விமானம் தானாக நேராகிக்கொள்ளும். விசிறி பின்னால் இருந்தால் மூக்கு குத்தி விழுந்தாலும் உடையாது. மெதுவாகப் பறக்க வேண்டும். "கத்துக்க வர்றவன் கையில எடுத்ததும் ஆள் முகத்தையா குடுக்கறோம்? பலூன்ல நுரை தடவித்தானே வழிக்கச் சொல்றோம்" என்பார். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகுமாம், புதுசாக ஓட்டுகிறவர்கள் அதில்தான் கோட்டை விடுவார்களாம். "எனக்கென்ன பயம்? ஆயுசு பூரா கண்ணாடியைப் பாத்துத்தானே வெட்டறேன்" என்று சிரிப்பார்.

இத்தனையும் அண்ணனிடம் போனில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அது சின்னப் பசங்க பொம்மைப்பா. நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். வந்தது இறக்கை கீழே வைத்த, அம்பு மாதிரிப் பாய்கிற ஒன்று. மைதானத்தில் அவள்தான் அதைக் கையால் வீசிப் பறக்கவிட்டாள். அப்பா விரலை அசைப்பதற்குள் அது சரிந்து மண்ணில் குத்தியது. துண்டுகளைப் பொறுக்கும்போது, "அவன்கிட்ட சொல்லாத" என்றார். அன்று சாயங்காலம் போனில், "சூப்பரா பறக்குதுடா!" அதற்குப் பிறகு அவர் வீடியோ பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்தப் பொய்க்காக அப்பா மேலும் அவளுக்குக் கோபம்தான். மகன் மனசு நோகக் கூடாது. கூடவே கிடந்து மாரடிக்கிறவள் மனசு மட்டும் கல்லா?

"எங்கன்னு கேக்கறேன்ல?" என்றான் அண்ணன்.

கத்தியை மடக்கி வைத்தாள். அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி அவன் காலடியில் கவிழ்த்தாள். நசுங்கிய மூக்கும் ஒடிந்த இறக்கையும் ரிமோட்டும் தரையில் விழுந்தன.

"இந்தா. தலைமாட்டுல வை."

தையல்காரர் மெல்ல வாசலுக்கு நழுவினார்.

"இது எப்ப உடைஞ்சுது?"

"முதல் நாளே. முதல் தடவையே."

"நல்லாப் பறக்குதுன்னாரே."

"உன்கிட்ட வேற என்ன சொல்லுவாரு? அவர் கேட்டது ஒண்ணு, நீ அனுப்பினது ஒண்ணு. என்னைக்காவது அவர் பேச்சை முழுசாக் காது குடுத்துக் கேட்டிருக்கியா? எல்லாம் தெரிஞ்ச மகராசன்."

அவன் குனிந்து இறக்கைத் துண்டைக் கையில் எடுத்தான். "அவர் சொன்ன ரகம் பாக்க பொம்மை மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்குப் போய் அதையான்னு..." துண்டைத் திருப்பிப் பார்த்தபடி, "அவர் எதுக்கு அதையே கேட்டாரு?" என்றான்.

இப்போது கேட்கிறான். அவள் காய்ந்துபோன பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி மறு கன்னத்துக்கு நுரை போட்டாள். அப்பாவின் முகம் அவள் பக்கமே திரும்பியிருந்தது, கழுத்து விறைக்கத் தொடங்கியிருந்தது.

"கை கழுவிட்டு வந்து தலையைப் பிடி."

அவன் வந்து தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அப்பாவின் முகத்தைப் பிடித்தான். பிடித்தானே தவிர குனிந்து பார்க்கவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த பெரிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜன்னல் பக்கம் திருப்பு."

அவன் கண்ணாடியில் தெரிந்த ஜன்னலைப் பார்த்துத் திருப்பினான். முகம் மறுபடி அவள் பக்கமே வர, நுரை அவள் முழங்கையில் அப்பியது.

"கண்ணாடியைப் பாக்காத. அவரைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிடித்த கையை விடாமலே, மறு கையால் கத்தியை உதறித் திறந்தாள்.