ஜெயராணி தையலை விட்டது

சமையல் கேஸுக்கு வரிசையில் நின்ற வருஷத்திலிருந்து மூன்று வருஷமாக, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தெருவான அந்த ஒழுங்கையில் எவரும் கடையில் உடுப்பு வாங்கவில்லை. ஜெயராணி போனில் தைத்த உடுப்புகள் விடிந்ததும் அவள் வீட்டுக் கொடியில் தொங்கின. ஒழுங்கைச் சனம் அளவு பார்த்து எடுத்துக்கொண்டு போனது.

ஜெயராணி இரத்மலானையில் ஒரு காமென்டில், ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தவள். அங்கே அவளுக்குத் தைக்கக் கொடுத்தது சட்டைக் கொலர் மட்டும்தான். கைகளை இன்னொருத்தி தைத்தாள், பொத்தானை வேறொருத்தி வைத்தாள். அவள் கொலர் வைத்த சட்டைகள் எந்த நாட்டில் யார் முதுகில் ஏறின என்று அவளுக்குத் தெரியாது. காமென்டை மூடிய மாதம், வெறும் சிலிண்டரின் மேல் உட்கார்ந்து கேஸ் வரிசையில் காத்திருந்தபோது, முன்னால் நின்ற ஷாமிலா பொழுது போகட்டும் என்று ஜெயராணியின் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஷாமிலா பக்கத்து ஒழுங்கை, பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த விளையாட்டில் காடும் கோட்டையும் இருந்தன, கள்வர்களும் இருந்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதற்குள் வந்து போகலாம். புதிதாக வருபவர் கோட்டை வாசலில் ஒரு தொழிலைத் தெரிவு செய்யவேண்டும். ஒருவருக்கு ஒரு தொழில்தான். பிறகு மாற்றினால் கற்றதும் செய்ததும் எல்லாம் அழிந்துபோகும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

“அக்கா, புது ஆக்கள் மூலிகை பறிக்கிறது, இல்லாட்டி மருந்து காய்ச்சுறது எடுக்கோணும். அதுதான் எந்த நாளும் உதவும்,” என்றாள் ஷாமிலா. “தையல் எல்லாரும் எடுக்கிறது. அதுக்கு மதிப்பே இல்ல.”

“நான் ஒரு முழுச் சட்ட தைச்சதே இல்லம்மா,” என்று சொல்லி ஜெயராணி தையல் என்ற எழுத்தை அமத்தினாள்.

போனில் தைத்த முதல் சட்டை மறுநாள் காலை கொடியில் ஈரமில்லாமல் தொங்கியது. கணவன் இராமர் அதைப் போட்டுக்கொண்டு புறக்கோட்டை இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனார், பின்னேரம் களைப்பில்லாமல் வந்தார். துணிக்காக அவள் விளையாட்டுக் காட்டில் கள்வர்களைக் கொல்லவேண்டியிருந்தது. அதனால் சில சட்டைகளில் விறகுப் புகை மணந்தது, வெயிலில் போட்டதும் போய்விட்டது. அவள் தைத்த பனியனோடு மூட்டை தூக்கிய நாட்டாமிமாருக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் தைத்த பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை மழையில் நனையவில்லை. ஒழுங்கை இதற்குச் சீக்கிரம் பழகிவிட்டது. கொடியில் தங்கள் அளவு இல்லாத நாளில் சிலர் கதவைத் தட்டிக் குறையும் சொன்னார்கள். ஜெயராணிக்கு அதுவும் பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம் இராமருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகின. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். பார்க்க வந்த ஷாமிலா கட்டிலருகே நின்று யோசித்தாள். விளையாட்டில் மருந்து காய்ச்சுபவர் கற்கும் முதல் மருந்தே எந்த உடம்பையும் தேற்றிவிடும். உடுப்பு கொடிக்கு வருமென்றால் மருந்தும் அடுப்படிக்கு வரத்தானே வேண்டும்? ஷாமிலா தன் போனில் அதைக் காய்ச்சிப் பார்த்தாள். எங்கும் எதுவும் வரவில்லை. இராமரின் போனில் புதுப் பெயரில் காய்ச்சினார்கள், அதுவும் போனுக்குள்ளேயே கிடந்தது. ஜெயராணி அதே பெயரில், அதே கையால் செய்வதுதான் வெளியே வரும் என்று தெரிந்தது. அதற்கு அவள் தையலை விடவேண்டும். விட்டால் ஒழுங்கையில் இருக்கிற உடுப்பெல்லாம் போகும்.

அவள் ஒளிக்காமல் எல்லோரிடமும் சொன்னாள். பின்னேரம் வாசல் நிறைய ஆட்கள் வந்தார்கள். முன்னால் லுத்பியா நின்றாள். எதிர்வீடு, இராமர் படுத்த நாளிலிருந்து தினமும் கஞ்சி அனுப்புகிறவள். அவளுடைய மகள் பர்ஸானாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம், கல்யாண உடுப்பும் ஜெயராணி தைத்ததுதான்.

“உடுப்ப மாப்பிள்ள ஊட்டாக்கள் பாத்துட்டுப் பெய்ட்டாங்க ராணி. அத மாதிரி இன்னொண்டு எங்க எடுக்கிற?” என்றாள். “கல்யாணம் முடியட்டும். அதுக்குப் பொறகு நானே வந்து மாத்தச் சொல்லுவன்.”

“ராத்தா, இவருக்கு முடியாம இருக்கே,” என்றாள் ஜெயராணி.

உள்ளேயிருந்து இராமர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “நான் என்னா இப்பவே போயிறப் போறனா? புள்ள கல்யாணம் நடக்கட்டும்.”

நல்ல மனுசன் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் கலைந்தார்கள். வாசல் வெறுமையானதும் இராமர் மனைவியைக் கூப்பிட்டு, “மாத்திருவ தானே?” என்று மெதுவாகக் கேட்டார். கல்யாணம் முடியட்டும் என்று அவள் சொன்னாள். அவளுக்கும் தையலை விட முழு மனமில்லை. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. படங்களில் பர்ஸானாவின் உடுப்பு பகலிலும் மினுங்கியது. மறுநாள் நாட்டாமிமார் வந்து, கப்பல் சாமான் இறங்கி முடியும்வரை பனியன் வேண்டும் என்றார்கள். பிறகு கோயில் திருவிழா வந்தது. பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை. புதுச் சீருடைக்கு இப்போது யாரிடம் வசதி இருக்கிறது என்று தாய்மார் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோருமே இராமரின் சுகத்தையும் விசாரித்தார்கள். பரீட்சை முடிவதற்கு முன் ஒரு காலையில், அவள் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது, இராமர் இறந்துபோனார்.

பொரளைக் கனத்தை மயானத்துக்கு ஒழுங்கை முழுவதும் வந்தது. எல்லோரும் அவள் தைத்த வெள்ளையில் வந்தார்கள். லுத்பியா வாசலில் நின்று அழுதாள், அது பொய் அழுகை அல்ல. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஜெயராணி தையலை அழித்து, மருந்து காய்ச்சுவதை எடுத்தாள். முந்திய நாளே சொல்லியிருந்ததால் எவரும் அந்த உடுப்போடு நின்று அவமானப்படவில்லை. அலுமாரிகள் வெறுமையாகின. சனம் புறக்கோட்டைக்குப் போய் உடுப்பு வாங்கியது, சாயம் போகிறது என்று கொஞ்ச நாள் முறுமுறுத்தது, பிறகு மறந்துவிட்டது. அவ்வளவுதான் அந்த இழப்பு.

மருந்துக்கு மூன்று இலை போதும். ஷாமிலா கொடுத்த இலைகளில் அவள் அதைக் காய்ச்ச ஒரு தேநீர் ஊற்றும் நேரம் பிடித்தது. மறுநாள் காலை அடுப்படி யன்னலில் குப்பிகள் வரிசையாக நின்றன. லுத்பியா ஆறாத சர்க்கரைப் புண்ணோடு காலை இழுத்துக்கொண்டு வந்து, யன்னலருகே நின்றாள்.

“இந்தாங்க ராத்தா,” என்றாள் ஜெயராணி. “அவருக்கும் இதுவே போதுமா இருந்திச்சு.”

லுத்பியா அங்கேயே குடித்துவிட்டு நேராக நடந்து போனாள். அதற்குப் பிறகு ஒழுங்கைக்காரர் விடிந்ததும் யன்னலுக்கு வருகிறார்கள். கிழவர்கள் படியேறுகிறார்கள், காய்ச்சல் யாருக்கும் இரண்டாம் நாளைத் தாண்டுவதில்லை. ஜெயராணி யாருக்கும் இல்லையென்று சொல்வதில்லை, யாரோடும் அதிகம் கதைப்பதுமில்லை. அந்த ஒழுங்கையிலிருந்து பொரளைக் கனத்தைக்குக் கடைசியாகப் போனவர் இராமர்தான்.