நடிப்பாகவே இருக்கட்டும்

மாமியாரின் முழங்கால் வலி சுத்த நடிப்பு என்று மருமகள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். எலும்பு மூட்டு சிகிச்சை நிலையத்தில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் அவள். மேஜைக்கு முன்னால் நொண்டி நொண்டி வந்து, விடுப்புக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் விறுவிறுவென்று நடக்கிற கால்களைத் தினமும் பார்க்கிறாள்.

இரண்டு பேரையும் ராசியாக்கிவிடலாம் என்று இந்தக் கடலோர ஊருக்குக் கூட்டி வந்தவன் கணவன். வந்தவன் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு விடுதி பால்கனியில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

கடலுக்குள் ஒரு பாறை இருந்தது. கடல் உள்வாங்கும்போது அதுவரை ஒரு மணல் பாதை தெரியும். நடந்தே போய்விடலாம். "தண்ணி திரும்புறதுக்குள்ள வந்துடுங்கம்மா," என்று சொல்லித்தான் விடுதிக் காவலாளி அனுப்பினார்.

போகும்போது மாமியார்தான் முன்னால் நடந்தாள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு. வீட்டில் துணி காயப்போட மாடி ஏறாத கால் அது. மருமகள் மனசில் குறித்து வைத்துக்கொண்டாள்.

திரும்பும் நேரத்தில், பாறையில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்திருக்கவில்லை.

"முட்டி பிடிச்சுக்கிச்சும்மா. கொஞ்சம் இரு."

"வரும்போது எனக்கு முன்னாடி ஓடுனீங்களே அத்தை, அப்ப எங்க போச்சு இந்த வலி?"

"அது அப்ப. இது இப்ப."

"சரி, உங்க புள்ளைய அனுப்புறேன். அவர் முகத்தைப் பார்த்தா கால் தானா நடக்கும்."

விருட்டென்று கிளம்பிவிட்டாள்.

பாதி வழியில் கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். வரும்போது கார் போகிற அகலம் இருந்த பாதை, ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அலையென்றால் சத்தம் போட்டு வரும். இந்தத் தண்ணீர் இரண்டு பக்கமும் திருடனைப் போல ஓசைப்படாமல் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். மாமியார் இந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி, பாறையைப் பிடித்து எழுந்தாள். ஒரு கணம் நின்றாள். அப்படியே மடங்கி விழுந்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எவரும் நடிப்பதில்லை. மேஜையில் உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்டது அதுதான். 'நடிப்பா இருக்கட்டும், நடிப்பாவே இருக்கட்டும்' என்று முணுமுணுத்துக்கொண்டே பாறைக்கு ஓடினாள்.

அங்கேயே இருந்துவிடலாமா என்று அண்ணாந்து பார்த்தாள். உச்சிவரை பச்சைப் பாசி. கடல் ஏறினால் இந்தப் பாறையே வெளியில் தெரியாது. அவள் போன் விடுதியில் சார்ஜில் கிடந்தது.

"அத்தை, உண்மையச் சொல்லுங்க, கோபப்பட மாட்டேன். நடிக்கிறீங்கதானே?"

மாமியாரின் முகம் வெளிறியிருந்தது. "வீட்டுல சில நாள் நடிச்சிருக்கேன். மாடி ஏறச் சோம்பல். இன்னிக்கு இல்லம்மா. நீ போயிடு. அவனுக்குச் சோறு போட ஒரு ஆள் வேணும்."

"அவருக்குச் சோறு போடத்தான் நான் பொழைக்கணுமா? எழுந்திரிங்க."

தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். கணுக்கால், முழங்கால், தொடை என்று தண்ணீர் ஏறியது. காலுக்கடியில் மணல் நழுவியது. மாமியாரின் முனகல் காதோரம் கேட்டுக்கொண்டே வந்தது. தூரத்தில் பால்கனியில் கணவன் எழுந்து நிற்பது தெரிந்தது. இருவரும் கத்திக் கையை வீசினார்கள். அவனும் சந்தோஷமாகக் கையை வீசினான். பிறகு போனைத் தூக்கினான்.

"பாவி, படம் புடிக்கிறான்," என்றாள் பெற்றவள்.

தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. திடீரென்று மருமகளின் தோள் லேசானது. பாரமே இல்லை. மாமியார் பிடியை விட்டுவிட்டாளா? உயிரே போய்விட்டது அவளுக்கு. பதறித் திரும்பினாள்.

மாமியார் பக்கத்திலேயே இருந்தாள். நடந்துகொண்டிருந்தாள்.

சிகிச்சை நிலையத்தில் நடைப்பயிற்சிக்கான தண்ணீர்த் தொட்டியில், ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு இறங்கி நடக்கிற பெரியவர்கள் மருமகளின் நினைவுக்கு வந்தார்கள்.

"தண்ணி உங்களைத் தாங்குது அத்தை. பாரத்தை அதுங்கிட்ட விட்டுடுங்க. என் கையை மட்டும் விடாதீங்க."

"கழுத்துக்கு வந்தா?"

"பேசாம வாங்க."

நெஞ்சுவரை வந்தது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. வாயில் உப்பு கரித்தது. அடுத்த அடியில் மணல் இருக்குமா என்று தெரியாமலே ஒவ்வொரு காலையும் வைத்தார்கள். பிறகு மெல்ல மெல்லத் தரை மேலேறியது. தண்ணீர் இறங்க இறங்க, மாமியாரின் பாரம் மறுபடி தோளில் அழுத்தியது. அந்தக் கனத்துக்காக மருமகள் அழுதாள்.

காவலாளி ஓடி வந்து கரையேற்றினார். அவருக்குப் பின்னால் கணவன். "ரெண்டு பேரும் கைகோத்து விளையாடினீங்களே, படம் பிரமாதம்."

மாமியாரைத் தாங்கிக்கொண்டு மருமகள் அவனைக் கடந்து விடுதிக்கு நடந்தாள்.

அறை மாடியில். படிக்கட்டுக்கு முன்னால் மாமியார் நின்றுவிட்டாள்.

"இப்ப நடிக்கிறேனா இல்லையா, சொல்லு பாப்போம்."

"எதுவா இருந்தாலும் பிடிச்சுக்குங்க," என்று மருமகள் தோளைக் கொடுத்தாள்.

அந்தத் தோள் இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மாமியார் ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றினாள். மறு கையால் மருமகளை அணைத்துப் பிடித்தபடி முதல் படியில் காலை வைத்தாள்.