வெறும் ஓட்டம்

காஷியஸ் நகரத்து அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு எந்திரங்கள். அத்தனையும் இவோனெத்தியின் மேசைக் கணினியோடு இணைந்தவை. எது எதைக் கடைய வேண்டும் என்ற புரோகிராமை அவள்தான் அனுப்புவாள். சுவரில் இருந்த பெரிய திரையில், ஓடுகிற எந்திரம் பச்சை, நின்றுவிட்டது மஞ்சள். மஞ்சள் ஐந்து நிமிடம் நீடித்தால் மேற்பார்வையாளன் அதெமிரின் கைபேசி அலறும். அவன் குதித்துக்கொண்டு வந்து நிற்பான். ஒரே வாரத்தில் அப்படி மூன்று மஞ்சள் விழுந்தவனுக்கு வேலை கிடையாது. மூத்திரம் போகக்கூடத் திரைக்குப் பயப்படுகிற பிழைப்பு. தூ!

அதெமிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்தான் நாறல். போன வருஷம் மயங்கி விழுந்த வெல்டரை நெஞ்சில் அமுக்கி அமுக்கிப் பிழைக்க வைத்தவன் அவன்தான்.

மூலையில் ஏழாம் எண் லேத்தை ஓட்டுபவர் தோர்வலீனோ. ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு மஞ்சள் வாங்கியிருந்தார். வியாழன் காலை ஒன்பது மணிக்கு இவோனெத்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"புள்ள, நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்சாப்ல இருக்கு. பத்து நிமிஷம் உக்காந்துக்கறேன். அந்தச் சும்மா ஓடறதைப் போட்டு வுடு."

"டாக்டரைக் கூப்பிடட்டுமாண்ணே?"

"எதுக்கு, மூணாவது மஞ்சள் விழறதுக்கா? ரெண்டு வாய் மாத்தே டீ குடிச்சா சரியாப் போயிரும். நீ ஊரைக் கூட்டாதே தாயி. முடிஞ்சதும் நானே கூப்பிடறேன்."

'சும்மா ஓடறது' அவள் எழுதிய புரோகிராம். உளி இரும்பைத் தொடாமல் வெறுங்காற்றில் போய்ப் போய் வரும். திரையோ பச்சை காட்டும். முடியாதவர்களுக்காக அவள் செய்து வைத்த திருட்டு வேலை. பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், அதெமிருக்கு மட்டும் தெரியாது. அனுப்பினாள். ஏழு பச்சையாக ஓடியது.

அதற்குள் பதினாலாம் எண்ணுக்குத் தப்பான புரோகிராம் போய்விட்டதென்று ஒருவன் வந்து கத்தினான். அதைத் தேடி, திருத்தி, அனுப்பி நிமிர்ந்தபோது மணி ஒன்பது நாற்பது. தோர்வலீனோ கூப்பிடவே இல்லை. ஏழு இன்னும் பச்சை. ஓடினாள்.

லேத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்தேக் குடுவை மடியில் கவிழ்ந்து, தூள் கால்சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. கை சில்லிட்டிருந்தது.

"அண்ணே! ஐயோ, அண்ணே!"

லேத்தை நிறுத்தினாள். கத்தினாள். எந்திர இரைச்சலில், காதில் பஞ்சடைத்தவர்களில் யாருக்குக் கேட்கும்? அவரை விட்டுத் தொலைபேசி இருக்கும் மறு கோடிக்குப் போகவும் மனம் வரவில்லை. தெரிந்த மட்டும் நெஞ்சை அமுக்கினாள்.

ஐந்தாவது நிமிடம் அதெமிர் ஓடி வந்தான்.

"மூணாவது மஞ்சள்டா தோர்வலீனோ! இன்னிக்கு நீ செத்..."

அவளைத் தள்ளிவிட்டு முட்டி போட்டான். வெகுநேரம் அமுக்கினான். வேர்வை அவர் சட்டையில் சொட்டியது. கடைசியில் கையை எடுத்தான்.

"ஆறிப்போயிருக்காரு. எப்பவோ போயிட்டாரு." நம்பாமல் திரையைத் திரும்பிப் பார்த்தான். "இப்பத்தானே மஞ்சளாச்சு! ஆன அஞ்சாவது நிமிஷம் வந்துட்டேன். நீயே பாத்தல்ல, இவோனெத்தி? எங்கிட்டத் தப்பு இருக்கா, சொல்லு."

"இல்ல," என்றாள் அவள். "பச்சையா வெச்சது நாந்தான்."